பப்ஸைத் தொடாத மாப்பிள்ளை

கொஞ்சம் இந்தப் பக்கமாச் சாஞ்சு உக்காருங்களேன் அண்ணாச்சி. இல்ல, இன்னுங் கொஞ்சம். ஆங், அப்படித்தான். அன்னா அந்தக் கண்ணாடிக் கதவு தெரியுதுல்லா, அங்கேருந்து பாத்தா என் தலை தெரியப்பிடாது. உங்க பேப்பரையும் கொஞ்சம் அகல விரிச்சுப் பிடிங்க. புண்ணியமாப் போவும்.

யாரைப் பாக்க வந்திருக்கேன்னு எதுக்குக் கேக்கிய? சும்மாவா? சும்மா யாரும் கேக்க மாட்டாங்க அண்ணாச்சி. நீங்க எந்த ஊரு? தென்காசிப் பக்கம் இல்லியே? அம்பையா. அம்பைன்னா சரி, அங்க எங்களுக்குச் சொந்தபந்தம் ஒண்ணுங் கெடையாது. வீட்டம்மாவுக்கா சொகமில்ல? நல்லபடியா ஆயிரும், கவலைப்படாதீங்க. நான் யாரையும் பாக்க வரல. மகளுக்குக் கல்யாணப் பட்டு எடுக்கலாம்னு பாளையங்கோட்டை வந்தேன். வெயிலு கொளுத்துது, இங்க ஏசி போட்டிருக்கேன்னு ஏறி உக்காந்தேன். யாரும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிருங்க.

சரி, ஒங்ககிட்ட மறைச்சு என்ன ஆவப்போவுது. உள்ள இருக்கது எம் மக, காந்திமதி. பக்கத்துல கட்டம் போட்ட சட்டையோட உக்காந்திருக்கான் பாருங்க, அவந்தான் அவளுக்குப் பேசி வச்சிருக்க மாப்பிள்ள. மகாராஜன். தென்காசியில பேங்க் உத்தியோகம். ஆவணியில நிச்சயதார்த்தம். நிச்சயமே ஆவாத ரெண்டு பேரு ஹார்ட் டாக்டர் ரூம்ல என்ன பண்ணுதாவ? அது எனக்குத் தெரியணும். இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதாங்கது அதுலதான் இருக்கு.

இந்தப் பையன் மேல எனக்கு மொதல்ல இருந்தே சந்தேகந்தான் பாத்துக்கிடுங்க. எனக்கு வள்ளியூர்ல பேக்கரி. எங்கப்பா போட்ட கடை. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி மேசை நெறயப் பரத்தி வச்சேன். முட்டை பப்ஸ், கிரீம் பன், தேன் கேக், வெண்ணெய் பிஸ்கட்டு, எல்லாம் அன்னைக்கிக் காலையில போட்டது. நம்ம பக்கத்துலதான் தெரியும்லா, பொண்ணு வீட்டுல கை நனைச்சிட்டா பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி. பிடிக்கலன்னா பச்சத் தண்ணியோட எந்திரிச்சிருவாவ. அவங்கம்மா ஒரு பிஸ்கட்டு எடுத்தா. அவங்கப்பா தேன் கேக்குக்குக் கையை நீட்டுனாரு. அந்தம்மா ஒரு பார்வை பாத்தா பாருங்க, நீட்டுன கை அப்படியே மடிக்குப் போயிட்டு. பையன் பப்ஸைத் தொடவே இல்ல. "எடுத்துக்கிடுங்க தம்பி, சூடா இருக்கு"ங்கேன். "இருக்கட்டும் சார், டீ மட்டும் போதும், சீனி இல்லாம"ங்கான்.

சார்! கேட்டியளா? பொண்ணைக் கட்டிக்கிடப் போறவன் வாயில மாமான்னுல்லா வரணும்? இன்னைக்கி வரைக்கும் சார்தான். போன்ல பேசுனாலும் "நல்லா இருக்கியளா சார்"தான். பேங்க்ல கடன் கேட்டு வந்தவன்கிட்ட பேசுத மாதிரி. அதுக்கு என்ன அர்த்தம்? நாளைக்கி வேண்டாம்னு சொல்லதுக்கு வசதியா ஒரு காலை வெளிய வச்சிக்கிடுதான்னு அர்த்தம். பிடிச்சிருக்குன்னு சொல்லி விட்டாவதான். ஆனா பப்ஸு அப்படியே இருந்துதே அண்ணாச்சி. அது என் நெஞ்சுலயே கெடந்துது.

பொறவு ஒரு பத்து பதினஞ்சு நாள் இருக்கும். வீட்டுக்கு ஒரு பிள்ள வந்தா. தோள்ல பை, கழுத்துல அட்டை. "அங்கிள், எம் பேரு ஜெபக்கனி, நர்சிங் காலேஜ்லேருந்து வாரோம். சின்ன வயசுச் சாப்பாட்டுக்கும் பின்னால வார ஹார்ட் பிரச்சனைக்கும் என்ன சம்பந்தம்னு கணக்கெடுக்கோம்"ங்கா. எனக்கு அந்தானைக்கே புரிஞ்சு போச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க விசாரிக்க ஆள் விட்டிருக்காங்க.

சிரிக்காதீங்க. எனக்குத் தெரியாதா? எந் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்கயில நானே கேஸ் அடுப்பு ரிப்பேர் பாக்குத ஆளுன்னு சொல்லிட்டு அவங்க அடுப்பங்கரை வரைக்கும் போயிருக்கேன். என்ன கொழம்பு வச்சிருக்காங்க, எண்ணெய் பாட்டில்ல எவ்வளவு கெடக்கு, எல்லாம் பாத்துட்டுதான் சரின்னு சொன்னேன். அடுப்பும் கழட்டிப் போட்டுட்டு மாட்டத் தெரியாம ஓடி வந்தேன், அது வேற கதை. அதனால இவ வாசல்ல நிக்கயிலயே கண்டுக்கிட்டேன். ஆனா கண்டுக்கிட்ட மாதிரி காட்டிக்கிடல. "வா தாயி, உக்காரு"ன்னேன்.

அவ கேட்ட கேள்வியப் பாருங்க. "உங்க பொண்ணு பதிமூணு பதினாலு வயசுல சாயங்காலம் என்ன சாப்பிடுவாங்க?" இது காலேஜுக்கு எதுக்கு? பிள்ளையைச் செல்லமா வளத்தானா, பட்டினி போட்டு வளத்தானான்னு பாக்காங்க. அவ அம்மா போயிச் சேந்தப்பம் காந்திக்கிப் பதினோரு வயசு. எனக்கு வெந்நி வைக்கத் தெரியும், அதுக்கு மேல அடுப்படி தெரியாது. தாயில்லாப் பிள்ளைன்னு இவங்க எளப்பமா நெனைச்சிரப் பிடாதுல்லா? உள்ளதை உள்ளபடி சொன்னேன். "நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நேரா கடைக்கு வருவா. சூடா ரெண்டு பப்ஸு, ஒரு கிரீம் பன்னு. ராத்திரி பரோட்டா. காலையில டிபன் பாக்ஸ்ல கேக்கு. எம் மக ஒரு நாள் எதுக்கும் ஏங்குனது கெடையாது"ன்னேன்.

"காய்கறி?"ங்கா. "கீரையும் கத்திரிக்காயும் திங்க எங்களுக்கு என்ன தாயி கொறை? கடையில அவ்வளவு பண்டம் கெடக்கையில"ன்னேன். "பழம்?"ங்கா. "கேக்கு மேல செர்ரி வப்போம்லா"ன்னேன். அது களாக்காயில சாயம் ஏத்துனது, அதைச் சொல்லல. எழுதிக்கிட்டே இருந்தா. ஒவ்வொண்ணுக்கும் அவ மொகம் வாடிக்கிட்டே போவுது. பொறாமைன்னு நெனைச்சேன்.

கடைசியில வந்தா பாருங்க விசயத்துக்கு. "உங்க அப்பா எந்த வயசுல இறந்தாங்க அங்கிள்? எதனால?" குடும்பத்துல நோய் உண்டா, இதானே அவங்களுக்கு வேணும்? "எம்பத்திரெண்டு. தூக்கத்துலயே போயிட்டாரு, நல்ல சாவு"ன்னேன். ஒங்ககிட்ட சொல்லதுக்கு என்ன, அப்பா போவும்போது நாப்பத்தெட்டு. மாவு மேசையில கை ஊனி நின்னவரு அப்படியே சரிஞ்சாரு. வாயு. வாயு நெஞ்சுல ஏறிட்டு. அண்ணன் நாப்பத்தாறு. பள்ளிக்கூடம் போகையிலேருந்து எங்கண்ணன் அடுப்புலேருந்து எறங்குத தட்டு முன்னாலதான் நிப்பான். அவனுக்கும் வாயுதான். எங்களுக்கெல்லாம் வாயு உடம்பு அண்ணாச்சி. எனக்கும் உண்டு. மைதா மூடையத் தூக்குனா இந்தா, இந்த இடது தோள்லேருந்து முழங்கை வரைக்கும் சுண்டி இழுக்கும். ஓமத் தண்ணி குடிச்சா அடங்கிரும். இப்பமும் லேசா இருக்கு, இந்த மாடிப்படி ஏறி வந்தேம்லா.

போவும்போது எம் மககிட்ட ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக்கிடட்டுமான்னு கேட்டா. இப்பல்லாம் ஜாதகத்தோட இரத்த குரூப்பும் பாக்காவல்லா, சரி எடுத்துக்கோன்னேன். காந்தி டீச்சரா இருக்கா, பள்ளிக்கூடத்துலேருந்து சாயந்தரந்தான் வருவா, அதனால மறுநாள் காலையில அந்தப் பிள்ள வந்து எடுத்துட்டுப் போனா.

பொறவு ஒரு நாள் கடையில கூட்டமா இருக்கு, போன் அடிக்கி. "அங்கிள், ஜெபக்கனி பேசுதேன். உங்க பொண்ணுக்கு இந்த வயசுக்குக் கொழுப்பு ரொம்பக் கூட இருக்கு அங்கிள்"ங்கா. எனக்கு எப்படி இருக்கும்? "யாருக்குட்டி கொழுப்பு? எம் பிள்ள வாய் தொறந்து ஒரு வார்த்த அதிகமாப் பேசி நீ கேட்டிருக்கியா?"ன்னு கத்துனேன். "ஐயோ அங்கிள், இரத்தத்துல கொழுப்பு"ங்கா. "ஓ, இரத்தத்துலயேவா? அப்பம் எங்க குடும்பத்தையே சொல்லுத"ன்னு போனை வச்சிட்டேன். பொண்ணு திமிர் பிடிச்சவன்னு சொல்லிக் கல்யாணத்தை முறிக்கப் பாக்காங்கன்னுதான் எனக்குப் பட்டுது.

மறுநாளே அவ கடைக்கு வந்துட்டா. நிக்க வச்சே பேசுனேன். "அங்கிள், பதினாலு பதினஞ்சு வயசுல என்ன சாப்பிடுதோமோ அது இரத்தக் குழாய்க்குள்ள கொஞ்சங் கொஞ்சமாப் படிய ஆரம்பிச்சிரும். வெளிய ஒண்ணுந் தெரியாது. நாப்பது, அம்பது வயசுல திடீர்னு காட்டும். உங்க பொண்ணுக்கு இப்பமே கண்டுபிடிச்சது நல்லது. டாக்டர்ட்ட காட்டுனா சரி பண்ணிரலாம். குடும்பத்துல யாராவது சின்ன வயசுல இறந்திருந்தா அதை மட்டும் சொல்லிருங்க"ங்கா.

நான் விடுவேனா? "ஏ தாயி, பதினாலு வயசுல தின்ன பப்ஸு இருவத்திமூணு வயசு வரைக்குமா செமிக்காமக் கெடக்கு?"ன்னேன். டீ குடிச்சிட்டு இருந்தவன்லாம் சிரிச்சான். அவ சிரிக்கல. ஒரு ரஸ்க்கு கூட வாங்காமப் போயிட்டா. அதுலயே தெரிய வேண்டாமா?

அதுக்குப் பொறவுதான் எனக்கு வேற ஒண்ணு ஓடிச்சு. இவ மாப்பிள்ள வீட்டு ஆளே இல்ல. எம் பங்காளி சண்முகவேல் ஏவி விட்ட ஆளு. அவனுக்கும் ஒரு மக இருக்கு, இதே பையனுக்குத்தான் மொதல்ல கேட்டாங்க. அவன் வீட்டு வாசல்ல இந்தப் பிள்ளையோட செருப்பு கெடந்ததை நான் எங் கண்ணால பாத்தேன். கேட்டா, தெருவுல எல்லா வீட்டுக்கும் போயி எழுதுதாளாம். எவ்வளவு தந்திரம் பாருங்க. நமக்குச் சந்தேகம் வரப்பிடாதுன்னு தெரு பூராவும் ஏறி எறங்கியிருக்கா.

காந்திகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? ஆவணியில நிச்சயம் முடியட்டும், தாலி ஏறட்டும். பொறவு டாக்டரோ வைத்தியரோ புருசன் பாத்துக்கிடுவான். ஏன் அப்படிப் பாக்கிய? கல்யாணத்துக்கு நிக்க பிள்ளைக்கி ஹார்ட்டுல கோளாறுன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா எவன் வாசப்படி ஏறுவான்? ஒங்களுக்குப் பொண்ணு இல்லபோல.

ஆனா பாத்துக்கிடுங்க, எம் பிள்ள மாறிட்டா. ஒரு பத்து நாளா கடைப் பண்டம் எதையும் தொடல. சாயங்காலம் வந்து கல்லாப் பக்கத்துல உக்காருவா. நான் தட்டுல பப்ஸ் வச்சிக் குடுப்பேன். "பசிக்கலப்பா"ங்கா. முருங்கைக் கீரை வாங்கிட்டு வந்து அவளே உருவுதா. எனக்கும் ஒரு கரண்டி வச்சா. எங்கப்பன் கையில மாவு பெசஞ்ச நாள்லேருந்து அந்தக் கடையில செஞ்சது எதையும் எங்க வீட்டுல யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல அண்ணாச்சி. எம் பிள்ள எனக்கு முன்னால தட்டை நவத்தி வைக்கா. அடிச்சிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது. அவ சின்னதுல அந்த ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு கையாலயும் பப்ஸைப் பிடிச்சித் தின்னா மேல பூரா உதிரும். பாத்துட்டே இருப்பேன். அவ அம்மா இருந்தா இதைவிட நல்லாப் பாத்திருப்பாளான்னு எனக்கு நானே கேட்டுக்கிடுவேன். மாட்டான்னுதான் தோணும்.

பையன் ஏதோ சொல்லியிருக்கான், நீ குண்டா இருக்கேன்னு சொல்லியிருக்கான்னு நெனைச்சேன். அப்பிடி இருந்தா அவன் பல்லு பேந்திருக்கும். இன்னைக்கிக் காலையில "அப்பா, ஃப்ரெண்டுக்குச் சேலை எடுக்கப் பாளையங்கோட்டை போயிட்டு வாரேன்"ங்கா. டீ கூட குடிக்கல. டீ குடிக்காம எவ சேலை எடுக்கப் போவா? அவ ஏறுன பஸ்ஸுக்குப் பின்னாலயே வந்த பஸ்ஸுல ஏறிட்டேன். வயித்துல ஒண்ணும் இல்லாமப் போயிருக்காளேன்னு இந்தா இந்தப் பையில பப்ஸும் கிரீம் பன்னும் கட்டி எடுத்துட்டு வந்தேன். சண்டை போடதுன்னாலும் சாப்பிட வச்சிட்டுப் போடலாம்லா.

நான் எறங்கும்போது அவ பஸ் ஸ்டாண்டுல இந்த ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுட்டு நின்னா. பின்னாலயே வந்தேன். வாசல்ல இவன் நிக்கான், மகாராஜன். ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டாங்க. இவதான் சொல்லியிருக்கா அண்ணாச்சி! ஜெபக்கனி நேரா பள்ளிக்கூடத்துல போயி இவளைப் பாத்திருக்கா, இவ நேரா அவன்கிட்ட சொல்லியிருக்கா. நான் வாயைக் கட்டி வச்சது பூரா வீணாப் போச்சு. இப்பம் அவன் எதுக்கு வந்திருக்கான்? டாக்டர் வாயாலயே கேட்டுட்டு, ஆமா கோளாறுதான்னு தெரிஞ்சிக்கிட்டு, ஊருக்குப் போயி வேண்டாம்னு சொல்லதுக்கு. வேற எதுக்கு? பப்ஸைத் தொடாதவன்லா.

உள்ள போயி ரொம்ப நேரமாச்சு. காந்தி தலையத் தலைய ஆட்டுதா. டாக்டர் ஏதோ படம் காட்டுதாரு, குழாய் மாதிரி இருக்கு. எங்க கடைத் தட்டு இருக்குல்லா, தெனம் வனஸ்பதி தடவித் தடவி ஓரத்துல மஞ்சளா ஒண்ணு ஒட்டிக்கிடும். கத்தி வச்சித்தான் சொரண்டணும். அந்தப் படத்துல அதே மாதிரி... அது கெடக்கட்டும். பையன் எந்திரிச்சிட்டான். அண்ணாச்சி, பேப்பரு! கதவைத் தொறக்கான். இங்க பாக்கான். இங்கதான் வாரான். நீங்க பேசாதீங்க. துணி எடுக்க வந்தேன், வெயிலு, ஏசி.

என்ன தம்பி? இல்ல, நான் சும்மா, பட்டு எடுக்க... என்ன சொன்ன?

இன்னொருக்காச் சொல்லு.

அண்ணாச்சி, கேட்டியளா? மாமாங்கான். "மாமா, வாசல்லயே உங்களைப் பாத்துட்டோம், நீங்களா வருவியன்னு இருந்தோம்"ங்கான்.

என்ன தம்பி? தாத்தாவா? காந்தியோட தாத்தா எப்படி எறந்தாருன்னு டாக்டர் கேக்காரா? அவளுக்குத் தெரியாது. அவ பொறக்கதுக்கு முன்னாலயே போயிட்டாரு. நான் அந்த நர்சுப் பிள்ளைகிட்ட... ஆமா, எம்பத்திரெண்டுன்னு சொன்னேன்.

தம்பி, நான் ஒண்ணு கேப்பேன். சொன்னா நீ இந்தக் கல்யாணத்தை...

டாக்டர் அதை வச்சித்தான் மருந்து முடிவு பண்ணுவாராக்கும். அவளுக்கு. சரி.

நாப்பத்தெட்டு, தம்பி. எங்கப்பா நாப்பத்தெட்டுல போயிட்டாரு. மாவு மேசையில. எங்கண்ணன் நாப்பத்தாறு, அவனும் அப்படித்தான், பேசிக்கிட்டு இருக்கையிலயே. வாயுன்னுதான் சொன்னாங்க, நானும் வாயுன்னுதான் சொல்லிட்டு இருக்கேன். சொல்லிட்டேன். நீ போயிச் சொல்லிரு. எம் பிள்ளைக்கி என்ன செய்யணுமோ அதைச் செய்யச் சொல்லு. கல்யாணத்தை நீ உன் இஷ்டப்படி பாத்துக்கோ.

என்னது? உங்க அப்பாவுக்கும் ஹார்ட் கோளாறா? போன வருசம், இதே ஆஸ்பத்திரியிலயா? அதான் அந்தம்மா தேன் கேக்கை எடுக்க விடலயா? நீயும் அதுக்காகத்தான் பப்ஸை...

பாத்தியளா அண்ணாச்சி, அவங்களும் மறைச்சிருக்காவ! நான் அன்னைக்கே சொன்னேம்லா, ஏதோ இருக்குன்னு.

தோளா? இது ஒண்ணுமில்ல தம்பி, படி ஏறுனேம்லா, வாயு. வேர்க்குதா? ஏசியில எனக்கு எப்பமுமே... கையை விடு தம்பி, நான் நடந்தே வருவேன். காந்தியும் வாரா பாரு. ஏட்டி, நீ எதுக்கு அழுத? அப்பாவுக்கு ஒண்ணுமில்லட்டி. சரி, வாரேன், காட்டுதேன், டாக்டர்ட்ட காட்டுதேன். நீ அழாத.

அண்ணாச்சி, இந்தப் பையைக் கொஞ்சம் வச்சிக்கிடுங்க. சூடு இன்னும் ஆறல, எம் பிள்ளைக்கின்னு கட்டுனது. காலையிலேருந்து நீங்களும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டிய, வேணும்னா எடுத்து... வேண்டாம். நீங்களும் திங்காதீங்க.